அண்ணிக்கு வந்த அக்கி

எனக்கு என் நாத்தனார்மேல் பொறாமை உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஏதோ நியாயம் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்துவிடுவீர்கள்.

என் கணவருக்கு அக்கா அவர், பத்து வயது மூத்தவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். காட்டூரில் சொந்த வீடு. வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார், மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். அதனால் அண்ணிக்குப் பொழுது நிறைய. அந்தப் பொழுதை முழுக்கத் தம்பிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். தம்பிக்கு எந்தக் காய் ஒத்துக்கொள்ளாது, எந்த நிறச் சட்டை எடுப்பாக இருக்கும், தலைவலி என்றால் எந்தத் தைலம் கேட்கும், எல்லாம் அண்ணிக்குத்தான் தெரியும். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் அந்தப் பாடத்தில் எனக்குப் பாஸ் மார்க் கிடைக்கவில்லை.

என் கணவர் கால்நடை மருத்துவர். திருவெள்ளறைப் பக்கம் வேலை, ஸ்ரீரங்கத்தில் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் குடித்தனம். சந்தையில் வாங்கிய மாட்டை நேராகக் கொண்டுபோய் மற்ற மாடுகளோடு யாராவது கட்டிவிட்டால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "கொஞ்ச நாள் தனியா கட்டுங்க. தனி வாளி, தனி தொட்டி. நல்லா இருக்கற மாட்டை முதல்ல கறங்க, சீக்கு மாட்டுக்கிட்ட கடைசியா போங்க. மாத்திப் போனீங்கன்னா நோயை நீங்கதான் கையில எடுத்துட்டுப் போறீங்க" என்று போனில் கத்துவார். கோமாரி ஊசி போடும் நாட்களில் ஊர் ஊராக அலைவார். அவர் பையில் வேறெது இல்லாவிட்டாலும் கையுறை இருக்கும்.

வீட்டுக்கு வந்தால் செருப்பு வாசலோடு நிற்கும். சட்டையைத் தனி வாளியில் போட்டு, குளித்துவிட்டுத்தான் என் பக்கத்தில் உட்காருவார். நான் உண்டான பிறகு கெடுபிடி இன்னும் கூடியது. ஒருநாள் குறைமாதத்தில் கன்று வீசிய மாட்டைப் பார்த்துவிட்டு வந்தவர், படிக்கட்டில் நின்றுகொண்டே போன் செய்தார்.

"கதவைத் திறந்து வெச்சுட்டு நீ உள் ரூமுக்குப் போயிடு. நான் நேரா பாத்ரூமுக்குப் போயிடறேன். இந்த நோய் மனுஷங்களுக்கும் ஒட்டும்."

காபி ஆறிப்போகும். நான் காத்திருப்பேன். எனக்கு அதில் பெருமைதான். தன்னிடமிருந்தே பெண்டாட்டியைக் காப்பாற்றுகிற புருஷன் எத்தனை பேருக்கு வாய்க்கும்? அந்தப் பெருமைக்கு அண்ணியின் அக்கி வேட்டு வைத்தது.

அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். அண்ணிக்குக் கழுத்தின் பின்புறம் ஆரம்பித்து இடது தோள்பட்டை வரை கொத்துக் கொத்தாகக் கொப்புளம். நெருப்பை அள்ளிக் கொட்டியது போல் எரிகிறது என்று தம்பிக்குப் போன் வந்தது. அவர்கள் குடும்பத்தில் அக்கிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழக்கம் இல்லை. அக்கி எழுதுவதுதான் வழக்கம். மண்பானை செய்கிற வேளார் வீட்டுக்குப் போனால், காவிமண்ணைக் குழைத்துக் கொப்புளத்தின்மேல் நாய் உருவமோ சிங்க உருவமோ வரைந்து விடுவார். எரிச்சல் அடங்கிவிடும் என்பது நம்பிக்கை. என் கணவர் வைத்தியம் பார்க்கிற பசு ஒன்று திருவெள்ளறைப் பக்கம் ஒரு வேளார் வீட்டில் இருந்தது. அக்காவைக் காரில் உட்கார வைத்து அங்கே அழைத்துப் போனார். வேளார் எழுதிவிட்டு, "காய விடாதீங்க, ஈரம் பண்ணிட்டே இருங்க" என்று ஒரு கிண்ணத்தில் காவியையும் கொடுத்து அனுப்பினார்.

முதுகுப் பக்கம் அண்ணிக்குக் கை எட்டாது. பூசிவிட ஆள் வேண்டும். அதற்குத் தம்பி இருக்கிறாரே!

வேலை முடிந்து திருவெள்ளறையிலிருந்து வருகிறவர், ஸ்ரீரங்கத்தைத் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டு நெரிசலையும் தாண்டி, காட்டூருக்குப் போய்க் காவி பூசிவிட்டுத்தான் வீடு திரும்புவார். நகக்கண்ணெல்லாம் செம்மண் நிறம். நான் சமைத்து மூடி வைத்ததைப் பார்த்து, "அக்கா வீட்டுலயே சாப்பிட்டுட்டேன்" என்பார். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அண்ணிக்குப் பூசறப்போ கையுறை போட்டுக்கிறீங்களா?"

"அக்காவுக்கா?" என்று சிரித்தார். "அவ என்ன மாடா?"

அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது. மாட்டுக்குக் கையுறை. எனக்குப் பாதி சோப்பைக் கரைத்த பிறகுதான் தரிசனம். அக்காவுக்கு மட்டும் வெறுங்கை. யாரை வெறுங்கையால் தொடுகிறாரோ அவர்தான் இந்த மனுஷருக்கு நெருக்கம் என்று எனக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். அந்தக் கணக்கில் நான் மாட்டுக்கும் கீழே இருந்தேன். தினமும் இதை நினைத்துப் பொருமினேன். அக்கி ஒட்டுமா என்று மட்டும் நினைக்கவில்லை. எங்களில் யாருமே நினைக்கவில்லை. அம்மை என்றால் ஒதுங்குவோம், வாசலில் வேப்பிலை கட்டுவோம். அது ஆத்தா சம்பந்தப்பட்டது. அக்கி வேளார் வீட்டோடு முடிகிற சமாச்சாரம்.

அண்ணிக்கு அக்கி காய்ந்து உதிர்ந்தது. காவி பூச ஆரம்பித்த நாளிலிருந்து இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் உடம்பு வலிக்கிறது என்று படுத்தார். காய்ச்சல் அடித்தது. அடுத்த நாள் கண்ணாடி முன் நின்று பனியனைத் தூக்கிப் பார்த்தார். நெஞ்சிலும் வயிற்றிலும் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. பக்கத்தில் நின்ற என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனை எடுத்தார்.

"அக்கா, எனக்கு அம்மை போட்டிருக்கு."

அண்ணி ஆட்டோவில் வந்து இறங்கினார். வேப்பிலைக் கட்டு, மண்சட்டி, கேழ்வரகு மாவு, மாற்றுத் துணிகள் அடங்கிய பை. வாசல் நிலையில் வேப்பிலையைச் செருகிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ இங்க நிக்கவே கூடாது. புள்ளத்தாச்சி. உங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பு. எனக்கு எட்டு வயசுலயே ஆத்தா வந்து இறங்கிட்டா. மறுபடியும் வரமாட்டா. நான் பாத்துக்கறேன்."

சொல்லிக்கொண்டே புருவத்துக்கு மேலே இருந்த பழைய அம்மைத் தழும்பைத் தொட்டுக் காட்டினார், பஸ்ஸில் பாஸ் காட்டுகிற மாதிரி. என்னிடம் காட்டுவதற்கு எந்தத் தழும்பும் இல்லை. மன்னார்புரத்தில் இருக்கும் என் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "உனக்கு அம்மை போட்டதே இல்லடி, ஒடனே கிளம்பி வா" என்றாள். என் வீட்டு வாசலை விட்டு என்னை அனுப்பியது நோய்தான். எனக்கென்னவோ அண்ணிதான் அனுப்பியதாகப் பட்டது.

மன்னார்புரத்தில் உட்கார்ந்துகொண்டு வீடியோ காலில் என் வீட்டைப் பார்த்தேன். என் மசாலா டப்பா அடுப்புக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. எவர்சில்வர் சம்படங்கள் உயர வரிசையில் நின்றன. என் நீலத் துண்டு அண்ணியின் தோளில் கிடந்தது. தாளிக்காத பருப்பு, உப்பு குறைவாகப் போட்ட சாதம், கூழ், இளநீர், இதுதான் சாப்பாடு. அதை வழித்து வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "அக்கா கையால குடுத்தா எதுவும் இறங்குது" என்றார் என் கணவர். மூன்று வருஷமாக என் சாம்பாருக்கு இப்படி ஒரு வார்த்தை கிடைத்ததில்லை.

எதிர் ஃப்ளாட்டுக்காரம்மா வேறு போன் செய்தார். "உங்க நாத்தனார் நெருப்பு மாதிரி இருக்காங்க. வெளியாள் ஒருத்தரையும் உள்ள விடறதில்ல. பேப்பர் கேட்டேன், கதவைக்கூடத் திறக்கலை. உங்க வீட்டுக்காரர் குடுத்து வெச்சவர்."

வயிற்றில் குழந்தை உதைத்தது. என் வயிறு எரிந்த எரிச்சலில் அதற்கும் சூடு தட்டியிருக்கும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பிவிட்டேன். இரண்டு இளநீரை வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குக் கீழே தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தேன். பால்கனியில் அண்ணி நின்றார். கயிற்றில் வாளி இறங்கியது. "இளநியை உள்ள போட்டுட்டுக் கையை எடுத்துக்கம்மா, வாளியைத் தொடாத" என்று மேலிருந்து சத்தம். நான் வாங்கிய வாளி அது! ஜன்னல் கம்பிக்குப் பின்னால் புள்ளி புள்ளியாக ஒரு முகம் தெரிந்தது, கை ஆட்டியது. "வெயில்ல நிக்காத, போ" என்றார் அண்ணி. திரும்பும்போது ஆட்டோவில் அழுதுகொண்டே போனேன். காவேரிப் பாலத்தில் ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்கு விடணுமாங்க?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான் என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. என் பிரசவ டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"உடனே வந்திருக்க வேண்டாமா?"

"கொப்புளம் தெரிஞ்ச அன்னிக்கே அம்மா வீட்டுக்குப் போயிட்டேன் டாக்டர்."

"கொப்புளம் தெரியறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே அது பரவ ஆரம்பிச்சிடும். மூச்சுலயே பரவும். அப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதான்."

வேப்பிலை, தாளிக்காத பருப்பு, கயிற்று வாளி எல்லாமே காரியம் முடிந்த பிறகு போட்ட காவல். கர்ப்பிணிக்குச் சின்னம்மை வந்தால் நுரையீரலைப் பாதிக்கலாம், பிரசவ சமயத்தை ஒட்டி வந்தால் குழந்தைக்கும் ஆபத்து என்றார் டாக்டர். எனக்கு ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துவிடலாம். இல்லாவிட்டால் தாமதிக்காமல் ஓர் ஊசி போட வேண்டும். கர்ப்ப காலத்தில் அம்மைத் தடுப்பூசி போட முடியாது, இது வேறு ஊசி, மற்றவர்கள் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் பொருள் என்று விளக்கினார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். பாதி காதில் ஏறவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அவருக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"தெரியல டாக்டர். அவர் மாட்டு டாக்டர். மாட்டுலேருந்து வந்திருக்குமா?"

"மாட்டுக்கு வர்ற அம்மை வேற. இது மனுஷங்களுக்குள்ளயே சுத்தறது. வீட்டுல யாருக்காவது அக்கி வந்துச்சா?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சின்ன வயசுல வர்ற சின்னம்மை முழுசாப் போயிடறதில்லம்மா. நரம்புக்குள்ள ஒளிஞ்சுட்டு இருக்கும். என்னிக்காவது உடம்பு தளர்ந்தா அக்கியா வெளிய வரும். அந்தக் கொப்புளத்துத் தண்ணி பட்டா, அதுவரைக்கும் அம்மை வராதவங்களுக்குச் சின்னம்மை வரும். அக்கி இருக்கற இடத்தை மூடி வெச்சு, தொட்ட கையைக் கழுவியிருந்தாலே பெரும்பாலும் தப்பிச்சிருக்கலாம்."

சொன்னால் நம்பமாட்டீர்கள். குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்த அதே நிமிஷத்தில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. மறுபடியும் வரமாட்டாள் என்று அண்ணி சொன்ன ஆத்தா, போகவே இல்லை! இத்தனை வருஷமாக அண்ணியின் நரம்புக்குள்ளேயே குடியிருந்திருக்கிறாள். தம்பியை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிற அக்காதான் தம்பிக்கு அதைக் கொடுத்ததே.

மறுநாள் மதியம் வரை அந்தச் சந்தோஷம் தாங்கவில்லை. பயம்தான் ஜெயித்தது. அம்மா சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். பிறகு போன் வந்தது. எனக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்றார் டாக்டர். எப்போதோ எனக்குச் சின்னம்மை வந்து போயிருக்கிறதாம். அந்தச் சக்தியில் ஒரு பங்கு என் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் போய்ச் சேருமாம். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஒரு தடவை சின்னதா ரெண்டு மூணு கொப்புளம் வந்துச்சு" என்று இழுத்தாள் அம்மா. "வேர்க்குருன்னு நெனச்சுப் பவுடர் போட்டு விட்டுட்டேன்."

பாருங்கள் என் விதியை. அண்ணிக்கு வந்த அம்மைக்கு வேப்பிலைப் படுக்கை, கூழ், கோயிலில் மாவிளக்கு, புருவத்துக்கு மேலே ஆயுளுக்கும் ஒரு தழும்பு. எனக்கு வந்த அம்மைக்குப் பவுடர். ஒரு வேப்பிலைக் கொத்துகூட இல்லாமல் வந்த சுவடு தெரியாமல் போயிருக்கிறது. ஆனால் இரண்டு பேர் ரத்தத்திலும் ஒரே பலம்தான். இது தெரிந்த பிறகு மன்னார்புரத்தில் எனக்கு என்ன வேலை?

மூன்று மாடியும் மூச்சு வாங்க ஏறி மணியை அடித்தேன். அன்றைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள். வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீர்த் தவலை பால்கனி வெயிலில் இருந்தது. கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்காகியிருந்தது. அண்ணி கதவை ஒருக்களித்துத் திறந்து, "உன்னை யாரும்மா வரச் சொன்னது?" என்றார்.

"டாக்டர் வரச் சொன்னாங்க" என்று உள்ளே போனேன். அப்படியெல்லாம் டாக்டர் சொல்லவில்லை. மற்றதை எல்லாம் உள்ளபடியே சொன்னேன். எனக்கு எதிர்ப்புச் சக்தி இருப்பதை முதலில் சொன்னேன். பிறகு அக்கியைச் சொன்னேன்.

"அக்கி எங்க, அம்மை எங்க?" என்றார் அண்ணி. "அக்கிக்கு எழுதினோம், இறங்கிடுச்சு. அம்மை ஆத்தா குடுக்கறது. ரெண்டும் எப்படிம்மா ஒண்ணாகும்?"

"ஒண்ணுதான் அண்ணி. உங்க தோள்லேருந்து இவர் கைக்கு வந்துச்சு. மாட்டுக்குக் கையுறை போடத் தெரிஞ்சவருக்கு இது தெரியலை பாருங்க."

என் கணவர் பொருக்கைச் சொறியப் போய், கையை இழுத்துக்கொண்டார். "படிச்சிருக்கேன்" என்றார் மெதுவாக. "அக்காவைப் பாக்கறப்போ படிச்சதெல்லாம் ஞாபகம் வரலை."

என்னைப் பார்க்கும்போது மட்டும் புத்தகம் முழுக்க ஞாபகம் வருகிறது!

அண்ணி தோள்பட்டையைத் தடவிக்கொண்டார். அப்படியே தரையில் உட்கார்ந்தார். தம்பியைப் பார்க்கவில்லை. என் வயிற்றைப் பார்த்தார்.

"புள்ளைக்கு?"

"ஒண்ணும் இல்ல. என் உடம்புல இருக்கற சக்தி அதுக்கும் போகுதாம்."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஜெயித்துவிட்டோம் என்று எனக்கு இருந்தது, அந்த அழுகையைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து துணிகளை மடிக்க ஆரம்பித்தார். "அப்ப நான் காட்டூருக்குக் கிளம்பறேன்."

"இரு அக்கா" என்று பதறினார் என் கணவர். "இவளுக்குத் தண்ணி ஊத்தத் தெரியாது."

நான் ஏதாவது சொல்வதற்குள் அண்ணி சொம்பை என் கையில் கொடுத்தார். "தெரிஞ்சுக்கட்டும். நீயே ஊத்தும்மா."

ஊற்றினேன். "முதுகுக்கு ஊத்து. தேய்க்காத, பொருக்கு தானா விழணும்" என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கிருந்த கோபத்தில் கடைசிச் சொம்பை நடு உச்சியில் மடமடவென்று கவிழ்த்தேன். மூச்சு முட்டித் தத்தளித்தார் மனுஷர். அண்ணிக்குக்கூட அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். முதல் சில மாதங்கள் வீட்டில் என் ராஜ்யம்தான். யார் வந்தாலும், "என் எதிர்ப்புச் சக்திதான் இவளுக்கு ஓடுது" என்று சொல்லிவிடுவேன். அண்ணி இருக்கும்போது சத்தமாகச் சொல்வேன். அதில் மட்டும் அத்தைக்குப் பங்கு கிடையாதே. அண்ணி வாசலிலேயே செருப்பை விட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் குழந்தையைத் தூக்கினார். காட்டூரில் யாருக்கு அக்கி வந்தாலும், "எழுதறதுன்னா எழுதுங்க, டாக்டர்கிட்டயும் காட்டுங்க. கொப்புளம் காயற வரைக்கும் துணியால மூடி வைங்க, புள்ளத்தாச்சியையும் கைக்குழந்தையையும் கிட்ட விடாதீங்க" என்று எச்சரிக்கிறாராம். அந்தத் தெருவே அண்ணியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. நான் சொல்லிக் கொடுத்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

குழந்தைகள் டாக்டர்தான் என் ராஜ்யத்துக்கு முடிவு கட்டினார். அம்மாவிடமிருந்து வந்தது சில மாதத்தில் கரைந்துவிடும், இனி இவளுக்கென்று தனியாகத் தடுப்பூசி போட வேண்டும் என்றார். ஒன்றே கால் வயதில் சின்னம்மை ஊசிக்குக் கூட்டிப் போனோம். அண்ணியும் வந்தார். என் கணவர் அறைக்கு வெளியே நின்றுகொண்டார். ஒரே மூச்சில் ஊர் ஆடுகளுக்கெல்லாம் ஊசி போடுகிறவருக்கு மகள் தொடையில் ஊசி இறங்குவதைப் பார்க்க முடியாதாம்.

"அம்மா, காலைக் கெட்டியாப் பிடிங்க" என்றார் நர்ஸ்.

பிடித்தேன். இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தேன். ஊசி இறங்கிய நிமிஷம் மகள் என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையை வாழ்நாளில் மறக்கமாட்டேன். வீறிட்டு அழுதாள். கையைத் தளர்த்தியதும் என்னைத் தள்ளிக்கொண்டு, இரண்டு கையையும் அத்தையிடம் நீட்டினாள்.

அண்ணி வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அக்கி வந்த அதே தோள். "யாரு என் தங்கத்தை அழ வெச்சது? அம்மாவா? அம்மாவை அடிச்சுடலாமா?" என்று முதுகைத் தட்டினார். மகள் விசும்பிக்கொண்டே எட்டி, என் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

அக்கி வந்தது அண்ணிக்கு. அதை வெறுங்கையால் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் கதவுக்கு வெளியே நின்றார். என் மகளிடம் அது வராதபடி அவளை அமுக்கிப் பிடித்தது என் கை. அடி வாங்கியதும் அதுதான். அடுத்த தவணைக்கு அண்ணிதான் காலைப் பிடிக்க வேண்டும் என்று அங்கேயே, நர்ஸ் முன்னாலேயே, சொல்லிவிட்டேன்.